ஒலிவாங்கிக்கு முன்னால் ஒரு பிள்ளை

இலங்கை வானொலியைப் பற்றி நம்மவர்கள் எழுதியவை குறைவல்ல. அவற்றில் பெரும்பாலானவை அறிவிப்பாளர்களின் குரல்வளத்தைப் புகழ்பவை. எஞ்சியவை பழைய பாடல்களை நினைத்துப் பெருமூச்சு விடுபவை. இரண்டையும் நான் விரும்பி வாசிப்பவன்தான். ஆனால் ஓர் ஆசிரியனுக்கு ஒரு தொழிற்பழக்கம் உண்டு. எந்தத் திறமையைக் கண்டாலும் அதை இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார், எந்த வயதில் சொல்லிக்கொடுத்தார் என்று கேட்கத் தோன்றும். கடல் தொழிலுக்குப் போகிறவன் வாப்பாவோடு தோணியில் ஏறிப் பழகுகிறான். தையற்காரன் கடையில் பொத்தான் தைத்துப் பழகுகிறான். வானொலியில் பேசுகிறவன் எங்கே பழகினான்? இக்கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நம் நாட்டு ஒலிபரப்பின் வரலாறு சற்று வேறு விதமாகத் தெரிகிறது. எருக்கலம்பிட்டியில் இருந்துகொண்டு பார்த்தால் இன்னும் வேறு விதமாகத் தெரிகிறது.

தொடக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை, சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக வந்த எட்வர்ட் ஹார்ப்பர் 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிறிய அறையிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பிப் பரீட்சை பார்த்தார். முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்றின் கருவிகளைக் கொண்டே அந்த அலைபரப்பி செய்யப்பட்டது. 1925 டிசெம்பர் 16இல் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. ஆசியாவிலேயே மிகப் பழைய நிலையங்களுள் ஒன்று என்று நாம் பெருமை பேசுவது இதை வைத்துத்தான். பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னையிலும் இதே காலத்தில், 1924இல், கிருஷ்ணசாமிச் செட்டியார் முன்னின்று தொடங்கிய வானொலிச் சங்கம் ஒலிபரப்பை ஆரம்பித்து மூன்றாண்டுகளில் பணமின்றி மூடிற்று. பின்னர் 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியைக் கையேற்றது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் தன் படையினருக்காகக் கொழும்பில் வலிமையான அலைபரப்பியை நிறுவியது. போர் முடிந்ததும் அது அரசாங்கத்துக்குக் கிடைத்தது. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ தனித் திணைக்களமாயிற்று. 1967 ஜனவரி 5இல் கூட்டுத்தாபனமாயிற்று. 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற இன்றைய பெயர் வந்தது.

இரண்டு உலகப் போர்களின் மிச்சத்திலிருந்துதான் நமது வானொலி உருவாகியிருக்கிறது. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகளின் கண்கள் விரியும். நீர்மூழ்கி என்ற சொல்லுக்கு அப்படி ஒரு கவர்ச்சி.

இனி நம் கேள்விக்கு வருவோம். தமிழில் இந்தக் கலையைக் கற்பிக்க முதலில் முனைந்தவர்களுள் சோ. சிவபாதசுந்தரம் முக்கியமானவர். யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பு வானொலியின் தமிழ்ப் பகுதியில் இருந்தவர். பின்னர் லண்டன் சென்று பி.பி.சி.யில் பணிபுரிந்தார். பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பு 1941இல் தொடங்கியிருந்தாலும் அதற்குத் ‘தமிழோசை’ என்ற பெயரை இட்டவர் இவரே. 1950களில் அவர் எழுதி வெளியிட்ட ‘ஒலிபரப்புக் கலை’ என்ற நூல் தமிழில் இத்துறை பற்றி வந்த முன்னோடி நூல். ஆசிரியர் கலாசாலையில் நான் பயின்றபோது நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு பிரதி கிடைத்தது. பரீட்சைக்கு உதவாத நூல் என்பதால் யாரும் தொடவில்லை போலும். என் பெயருக்கு முன்னால் பல வருடங்களாக எவரும் அதை இரவல் எடுத்ததற்கான அடையாளம் இல்லை. கண்ணுக்காக எழுதும் தமிழும் காதுக்காக எழுதும் தமிழும் ஒன்றல்ல என்ற எண்ணம் எனக்குள் விழுந்தது அப்போதுதான். கட்டுரை எழுதுவதில் நான் புள்ளிகள் வாங்கியவன். அந்தக் கட்டுரைகளுள் ஒன்றை உரக்க வாசித்துப் பார்த்தேன். மூச்சு முட்டியது.

நூல் வழியே கற்றவர்கள் சிலர்தான். நிலையத்துக்குள் சென்று கற்றவர்களே அதிகம். அவர்களுக்கான வாசல் ‘சிறுவர் மலர்’. ‘வானொலி மாமா’ என்று நாடே அழைத்த சரவணமுத்து அவர்களின் கையில் அந்நிகழ்ச்சி ஒரு பள்ளிக்கூடமாகவே நடந்தது. கொழும்பு டொரிங்டன் சதுக்கத்துக் கலையகத்துக்குப் பிள்ளைகள் வருவார்கள். பாடுவார்கள், நாடகத்தில் நடிப்பார்கள், கதை சொல்வார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் இருமக்கூடாது என்பதையும், தாளைப் புரட்டும் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்கும் என்பதையும் அங்கேதான் பழகினார்கள். பாடத்திட்டமோ சான்றிதழோ இல்லை. ஆயினும் பிற்காலத்தில் இந்த நாட்டின் தமிழ் ஒலிபரப்பைத் தாங்கி நின்ற குரல்களிற் சில அங்கிருந்து வந்தவை. நம் சமூகம் பெருமையோடு சொல்லும் பி. எச். அப்துல் ஹமீத் அவர்கள் தெமட்டகொடையிலிருந்து சிறுவனாக அந்த வாசலுக்குள் நுழைந்தவர்தான். ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்திக் கடல் கடந்து பெயர் பெற்ற அந்தக் குரலில் ஒவ்வொரு மெய்யெழுத்தும் தனித்துக் கேட்கும். லகர, ளகர, ழகரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. பிறவிக்கொடை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பத்துப் பன்னிரண்டு வயதில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்ற பழக்கத்தை அந்தக் கணக்கில் யார் சேர்ப்பது?

வானொலி நாடகம் இன்னொரு பட்டறை. ‘சானா’ என்ற சண்முகநாதன் அவர்களின் காலத்தில் வந்த ‘லண்டன் கந்தையா’வையும், சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ தொடரையும் மூத்தவர்கள் இன்றும் பேசுவார்கள். அங்கே நடிகர் மட்டும் உருவாகவில்லை. சிரட்டைகளைத் தட்டிக் குதிரையை ஓடவிடவும், தகரத்தில் அரிசி தூவி மழை பெய்யவிடவும் தெரிந்தவர்கள் உருவானார்கள். நாடாவை வெட்டி ஒட்டத் தெரிந்தவர்களும் உருவானார்கள். இந்த நாடா வெட்டுதல் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நிலையங்களில் வழக்கமாக நாடா விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடியது. அதாவது ஒரு விநாடிப் பேச்சு ஏறக்குறைய ஒரு சாண் நாடா. பிழையான சொல்லைச் சவரத் தகட்டால் சரிவாக வெட்டி எடுத்து, இரு முனைகளையும் ஒட்டுவார்கள். நேராக வெட்டினால் ‘டிக்’ என்று கேட்கும் என்பதால்தான் சரிவாக வெட்டுவது. மௌனத்துக்கும் நீளம் உண்டு. அதைக் கையால் அளக்கலாம். இன்றைக்குக் கணினித் திரையில் அலைவரியாகப் பார்த்து வெட்டும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒருநாள் பழைய கசற் ஒன்றைப் பிரித்து நாடாவை வகுப்பறை நீளத்துக்கு இழுத்துக் காட்டிய பிறகே நம்பினார்கள். கசற் நாடா இதைவிடப் பல மடங்கு மெதுவாக ஓடுவது என்பது வேறு விஷயம்.

நமது முஸ்லிம் சேவையையும் இங்கே சொல்லவேண்டும். கிராஅத், மார்க்கப் பேச்சு, நோன்பு கால ஸஹர் நிகழ்ச்சி என்பவற்றோடு அது நின்றுவிடவில்லை. கவியரங்கு, உரைச்சித்திரம், நாடகம், ‘மாதர் மஜ்லிஸ்’ என்று தமிழில் அது விரித்த பாயில் நம் எழுத்தாளர் பலர் முதன்முதலாக உட்கார்ந்தார்கள். அச்சில் ஒரு கவிதை வருவதற்கு முன் வானொலியில் வந்துவிட்ட கவிஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் நூல்களையும் சஞ்சிகைகளையும் தேடித் தொகுக்கிறார்கள். காற்றில் போன இந்தப் பங்கைத் தொகுக்க இன்னும் யாரும் முழுமூச்சாக முன்வரவில்லை என்பது என் குறை.

ஆனால் இந்தப் பள்ளிக்கூடம் எல்லாம் கொழும்பில் இருந்தது. மன்னாரிலிருந்து கொழும்புக்கு இரவு முழுவதும் ரயில். ‘சிறுவர் மலர்’ ஒலிப்பதிவுக்கு ஒரு பிள்ளையை எருக்கலம்பிட்டியிலிருந்து கூட்டிப் போவதென்றால் இரண்டு நாள் தொழிலை விடவேண்டும். எனவே எங்கள் பிள்ளைகள் கேட்டார்கள், பேசவில்லை. கேட்பதிலும் எங்கள் கரைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கொழும்பு கேட்பது போலவே திருச்சியும் கேட்கும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தானே. இரு கரைத் தமிழும் ஒரே பெட்டிக்குள் வந்து எங்கள் காதில் விழுந்தது. எங்கள் தமிழ் மட்டும் அந்தப் பெட்டியிலிருந்து வந்ததில்லை.

பாடசாலை ஒலிபரப்பும் இந்த நிலையை மாற்றவில்லை. பாடசாலைக்கு வானொலியைக் கொண்டுவரும் எண்ணம் பழையது. பி.பி.சி. தன் முதற் பாடசாலை ஒலிபரப்பை 1924 ஏப்ரலில் நடத்தியது. இசை அறிஞர் வோல்ஃபோர்ட் டேவிஸ் பேசினார். கொலம்பியா நாட்டில் 1947இல் சூத்தாதென்சா என்ற மலைக்கிராமத்தின் இளம் பாதிரியார் ஒருவர் சிறு அலைபரப்பியோடு தொடங்கிய வானொலிப் பள்ளி, எழுத்தறியாத விவசாயிகளை வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்காரவைத்து எழுதப் படிக்கக் கற்பித்தது. நம் நாட்டிலும் கல்விச் சேவை பாடங்களை ஒலிபரப்பியது. நல்ல பாடங்கள். ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு அவை எவ்வளவு உதவின என்பதைக் கிராமப்புற அதிபர்கள் அறிவார்கள். ஆயினும் எல்லாவற்றிலும் பிள்ளை ஒரு காது மட்டுமே. பேசும் வாய் வேறெங்கோ இருந்தது. லண்டனிலும்கூட, பிள்ளைகளே செய்தி தயாரித்து ஒலிபரப்பும் திட்டத்தைப் பி.பி.சி. பெரிய அளவில் தொடங்கியது 2000களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். எண்பது வருடங்கள் சென்றிருக்கின்றன.

1990 ஒக்டோபர் முடிவில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அதை இங்கே விரித்து எழுதப் போவதில்லை, பலர் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு வானொலிப் பெட்டி தென்னோலைப் பெட்டிக்குள் வைத்துத் துணியால் மூடி அலுமாரியின் மேல் இருக்கும். கையில் தூக்கக்கூடியதைத்தான் கொண்டுபோக முடியும் என்றானபோது உம்மா அதையும் உறுதிப்பத்திரத்தையும் பார்த்தா, உறுதிப்பத்திரத்தை எடுத்தா. கடற்கரையில் காத்திருந்து, வள்ளம் ஏறி, கல்பிட்டியில் இறங்கினோம். பிறகு புத்தளத்து முகாமில் கிடுகுக் கொட்டில். கொட்டில் வரிசைக்கு ஒரு வானொலி இருந்தால் அதிகம். இரவு 9 மணிக்குமேல் ‘தமிழோசை’ கேட்க ஆண்கள் அதைச் சுற்றி நிற்பார்கள். பற்றரி தீர்ந்துவிடும் என்பதால் செய்தி முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். எங்கள் ஊரின் பெயர் ஒருநாள் வரும் என்று பெரியவர்கள் எதிர்பார்த்தார்கள். வந்த நாட்களும் உண்டு. ஆனால் பேசியவர் எப்போதும் வேறொருவர். எங்களைப் பற்றிப் பேசினார். முகாமில் இருந்த ஆயிரக்கணக்கானோரில் ஒருவரின் குரலையாவது நான் அந்தப் பெட்டியில் கேட்டதாக நினைவில்லை.

இதே நாட்டில் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு மாறான ஒரு முயற்சி நடந்திருந்தது என்பதை நான் கலாசாலையில்தான் அறிந்தேன். மகாவலித் திட்டத்தில் புதிய இடங்களில் குடியேற்றப்பட்ட விவசாயக் குடும்பங்களுக்காக, யுனெஸ்கோவும் டென்மார்க்கின் உதவி நிறுவனமும் துணைநிற்க, ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1981இல் மகாவலி சமூக வானொலியை ஆரம்பித்தது. தயாரிப்புக் குழு கிராமத்துக்குப் போய்ச் சில நாட்கள் அங்கேயே தங்கும். ஒலிப்பதிவுக் கருவியை உடனே வெளியே எடுக்காது. முதலில் பேசிப் பழகும். பிறகு மக்கள் தம் கதையை, பாட்டை, சண்டையைத் தாமே பேசிப் பதிவார்கள். 1986இல் கிராந்துருகோட்டையில் சிறு நிலையம் வந்தது. 1989இல் கொத்மலை நிலையம் வந்தது. கொத்மலை சிங்களத்தோடு தமிழிலும் பேசியது. 1990களின் முடிவில் அங்கே இன்னொரு புதுமை நடந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். நிலையத்தில் இருந்த இளைஞர்கள் இணையத்தில் பதில் தேடி வானொலியில் சொல்வார்கள். இணையம் என்ற சொல்லே ஊர்ப்புறத்தில் புழங்காத காலம் அது. உலகின் பல நாடுகளிலிருந்து வந்து பார்த்துப் போனார்கள். அந்த நிலையத்தில் வேலை செய்தவர்களில் பலர் பள்ளிக்கூடம் விட்டதும் தொண்டர்களாக வந்து கைவேலையாகக் கற்ற உள்ளூர்ப் பிள்ளைகள் என்பதுதான் என்னைக் கவர்ந்தது.

இதில் ஒரு முடிச்சும் உண்டு. ‘சமூக வானொலி’ என்று பெயர் இருந்தாலும் அனுமதிப்பத்திரம் கூட்டுத்தாபனத்திடமே இருந்தது. மக்கள் பேசலாம், நிலையம் மக்களுடையதல்ல. இந்தியாவில் அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், முதலில் கல்வி நிறுவனங்களுக்கும் 2006 முதல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. 2004 பெப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நிலையமே அங்கே முதலாவது வளாகச் சமூக வானொலி. எங்களுக்கு நேர் எதிரே பாம்பனில் 2016 ஓகஸ்ட் 15இல் ‘கடல் ஓசை’ தொடங்கியது. மீனவர்களுக்காக, மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளும் பேசும் வானொலி. காற்று, அலை, கரை திரும்பும் நேரம், மீன் இனம் என்று அவர்கள் பேசும் விஷயங்கள் எங்கள் கரையிலும் காலையில் பேசப்படுபவைதான். சட்டப்படி அந்தச் சிறு அலைபரப்பிகளின் வலு 100 வோட்ஸ் அளவோடு நிற்கவேண்டும். கடல் தாண்டுவதற்காக அவை கட்டப்படவில்லை. எங்கள் கரையில் அப்படி ஒன்றைப் பாடசாலையோ மீனவர் சங்கமோ நடத்துவதற்குத் தனியான சட்டவழி இன்னும் திறக்கவில்லை.

போர் முடிந்த பின் குடும்பங்கள் சிறிது சிறிதாக ஊர் திரும்பின. சிலருக்கு இன்றும் புத்தளத்தில் ஒரு வீடு, எருக்கலம்பிட்டியில் ஒரு வீடு. 2015இல் தலைமன்னாருக்கு ரயில் மீண்டும் வந்தது. நான் ஆசிரியனாக ஊருக்கு வந்தபோது என் வகுப்பிலிருந்த பிள்ளைகளிற் பெரும்பாலோர் புத்தளத்தில் பிறந்தவர்கள். அவர்களுக்கு எருக்கலம்பிட்டி, வாப்பாவும் உம்மாவும் சொன்ன கதை. ஊர் ஒன்றிருந்தது, இப்போது அதற்குள் வந்து நிற்கிறார்கள். ஆனால் எந்த வேலி யாருடையது, எந்தக் கிணறு நல்ல தண்ணீர் என்று தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வைப்பதற்குத்தான் நான் வானொலியைப் பிடித்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மற்றப் பாதி, எனக்கே சிறுவயதிலிருந்து இருந்த ஆசை.

அலைபரப்பி இல்லாத வானொலி அது. பள்ளிவாசலில் கழித்துப்போட்ட அம்பிளிபயர் ஒன்றைத் திருத்தினோம். இரண்டு புனல் ஒலிபெருக்கிகள், ஓர் ஒலிவாங்கி, என் கைத்தொலைபேசி. வியாழக்கிழமை இடைவேளையில் பத்து நிமிடம். தரம் 8, 9 பிள்ளைகள் நடத்தினார்கள். தேசிய பாடத்திட்டத்தில் தொடர்பாடலும் ஊடகமும் ஒரு பாடமாக இருக்கிறது. அதன் பாடநூலும் இருக்கிறது. பாடநூலில் ஒலிவாங்கியின் வகைகளைப் படமாகக் காணலாம். எங்கள் பிள்ளைகள் முதல் நாளே அறிந்துகொண்டது வேறு: ஒலிவாங்கியிலிருந்து ஒரு சாண் விலகி நிற்காவிட்டால் ‘பாடசாலை’ என்ற சொல்லின் பகரம் வெடிக்கும், சற்றுப் பக்கமாகத் திரும்பிப் பேசினால் வெடிக்காது.

முதல் மாதச் செய்திகள் எல்லாம் பத்திரிகையிலிருந்து பிரதிபண்ணியவை. கொழும்பில் அமைச்சர் சொன்னார், வெளிநாட்டில் விமானம் விழுந்தது. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். ஐந்தாவது வாரம் ஒரு மாணவன் அன்று காலை துறையில் மீன் விலையை எழுதிக்கொண்டு வந்து வாசித்தான். சிற்றுண்டிச்சாலையில் நின்ற பெண்மணி வெளியே வந்து, “அந்த விலை பிழை, நான் வாங்கினது வேறே” என்றார். அடுத்த வாரம் அவன் மூன்று பேரிடம் கேட்டு எழுதிவந்தான். செய்தியை உறுதிப்படுத்துவது எப்படி என்று நான் கரும்பலகையில் எழுதியிருந்தால் இவ்வளவு விரைவாக ஏறியிராது. பிறகு மன்னார்க் கழுதைகள் செய்தியில் வந்தன. வகுப்பறைக்குள் நுழைந்த கழுதை ஒன்று இரண்டு வாரம் தொடர்ந்து தலைப்புச் செய்தியாக இருந்தது.

நேர்காணல்தான் கடினமாயிற்று. “நீங்க மீன் பிடிக்கிறவரா?” “ஓம்.” “கஷ்டமான தொழிலா?” “ஓம்.” நேர்காணல் முடிந்துவிட்டது. ‘ஓம்’ என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி கேட்கக்கூடாது என்று ஒரே ஒரு விதி வைத்தோம். பிள்ளைகள் அதை வீட்டிலும் பரிசோதித்துப் பார்த்ததாகத் தாய்மார் முறையிட்டார்கள்.

தாய்மாரின் வேறொரு முறைப்பாடு பாரதூரமானது. பெண்பிள்ளைகளின் குரல் ஒலிபெருக்கியில் தெருவுக்குக் கேட்கிறது என்று சிலர் மனம் சங்கடப்பட்டார்கள். நான் வாதாடப் போகவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒரு மூத்த பெண்மணி எழுந்து, தான் மணமான புதிதில் ‘மாதர் மஜ்லிஸ்’ கேட்பதற்காகவே சமையலை நேரத்தோடு முடிப்பதைச் சொன்னா. “அதில பேசினவங்களும் நம்மட பொம்பிளைகள்தானே” என்றா. அதோடு முழுவதும் தீர்ந்ததாகச் சொல்லமாட்டேன். இரண்டு பிள்ளைகள் அறிவிப்பை விட்டு எழுத்துக்கு மாறினார்கள். ஒருத்தி எழுதிய பிரதிகள் மற்ற எவருடையதையும்விட நன்றாக இருந்தன. ஒரு நிமிடத்துக்கு எங்கள் பிள்ளைகள் நிதானமாக வாசித்தால் தொண்ணூறு சொல் போகும் என்று கணக்கிட்டு, எண்ணி எழுதுவாள்; மூச்சு வாங்கும் இடத்தில் சிறு கோடு போடுவாள்.

எந்தத் தமிழில் பேசுவது என்பது பற்றி எனக்கும் மாணவருக்கும் இடையே நீண்ட வழக்கு நடந்தது. செய்திக்கு வானொலித் தமிழ் வேண்டும் என்பது என் கட்சி. ழகரம் வராத பிள்ளை ஒலிவாங்கியைப் பார்த்துப் பயப்படக்கூடாது என்பது அவர்களின் கட்சி. அதை அவர்கள் இப்படிச் சொல்லவில்லை, பேசாமல் பின்வரிசைக்குப் போய்விட்டார்கள். கடைசியில் செய்தி நூல்வழக்கில், மற்றதெல்லாம் வாயில் வருகிறபடி என்று முடிவாயிற்று. பின்வரிசை முன்னுக்கு வந்தது. வீட்டில் பேசும் மொழியில் ஒரு பிள்ளை தயங்காமல் ஐந்து நிமிடம் பேசிவிட்டால், ழகரத்தைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம். ழகரத்தை முதலில் வைத்தால் ஐந்து நிமிடம் வராது. இதை நான் கற்க ஒரு வருடம் பிடித்தது.

ஒரு நாள் தரம் 9 மாணவன் ஒருவன், “சேர், என் வாப்பாட வாப்பா 90இல வள்ளம் ஓட்டினவர். அவரைப் பதியலாமா?” என்று கேட்டான். மூன்று பிள்ளைகள் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனார்கள். நான் போகவில்லை, ஆசிரியர் நின்றால் பெரியவர் ஆசிரியருக்குத்தான் சொல்வார். நாற்பது நிமிடப் பதிவோடு வந்தார்கள். எத்தனை தடவை கல்பிட்டிக்கு ஓடினார், காற்று எந்தப் பக்கம் இருந்தது, யாரை எங்கே இறக்கினார் என்று ஒரு மாலுமியின் கணக்காகச் சொல்லிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்திவிட்டார். பத்து நிமிடமாகச் சுருக்கும்போது, கணினியில் அந்த வெற்றிடத்தை ஒரு பிள்ளை தேர்ந்தெடுத்து அழிக்கப் போனாள். தட்டையான கோடுதானே, அதில் ஒன்றுமில்லை என்றாள். நான் அவளிடம் அதை அளக்கச் சொன்னேன். பதினொரு விநாடி. பழைய நாடாவென்றால் பதினொரு சாண் என்றேன். அவள் வகுப்பறைத் தரையில் கையால் பதினொரு சாண் அளந்து பார்த்தாள். அழிக்கவில்லை. அந்த வியாழக்கிழமை யாரும் பந்து விளையாடவில்லை.

என் தவறையும் எழுதவேண்டும். பதிவு என் கைத்தொலைபேசியிலும் பாடசாலைக் கணினியிலும் மட்டும் இருந்தது. கணினி பழுதாகி, திருத்திய இடத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள். தொலைபேசி அதற்கு முன்பே தண்ணீரில் விழுந்திருந்தது. மூன்றாவது பிரதி எடுத்துவைக்க எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெரியவரை மீண்டும் பதியலாம் என்று நினைத்திருந்தோம், அதற்குள் மௌத்தாகிவிட்டார். இப்போது ஒவ்வொரு பதிவையும் மூன்று இடத்தில் வைக்கிறோம். ஒரு பிரதி பதிவு செய்யப்பட்டவரின் வீட்டாருக்கு.

எஞ்சியிருப்பது பிரதி எழுதும் அந்த மாணவியின் அப்பியாசக் கொப்பி. பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, பெரியவர் பேசியதை அவர் பேசியபடியே எழுதியிருக்கிறாள். சொற்கள் கொச்சையாக இருக்கிற இடத்தில் திருத்தவில்லை. எட்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரியை வெறுமையாக விட்டு, அடைப்புக்குறிக்குள் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறாள்: இங்கே அவர் 11 விநாடி பேசவில்லை. பின்னால் கடல் சத்தம் கேட்கிறது.